ஃபிலிம் கேமராவில் நெபுலா: முதல் ரோலுக்கான வழிகாட்டி

200 மி.மீ. லென்ஸில் எடுத்தால், வானத்தில் வாயுவும் தூசுமாகப் பரந்திருக்கும் ஓரியன் நெபுலா ஃபிலிமின் மேல் மூன்றரை மில்லிமீட்டர் அகலத்துக்குத்தான் விழும். கடுகைவிடப் பெரிது, துவரம்பருப்பைவிடச் சிறிது. அந்தப் புள்ளியை ஸ்லைடில் முதன்முதலாக உருப்பெருக்கி வைத்துப் பார்த்த மாலை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. தொலைநோக்கியில் எத்தனையோ இரவுகள் சாம்பலாகவும் லேசான பச்சையாகவும் பார்த்துப் பழகிய அதே நெபுலா, ஃபிலிமில் ரோஜா நிறத்தில் சிறகு விரித்துக் கிடந்தது.

நிறம் ஏன் மாறியது என்பது தெரிந்தால் பாதி வேலை புரிந்த மாதிரி. இந்த வகை நெபுலாக்களில் ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் ஆழ்ந்த சிவப்பாக ஒளிர்கிறது, ஆக்சிஜன் 500.7 நானோமீட்டரில் நீலப்பச்சையாக ஒளிர்கிறது. இருட்டில் நம் கண் நன்றாக உணர்வது 507 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை. அதனால் பச்சை கொஞ்சம் தெரிகிறது, சிவப்பு அனேகமாகத் தெரிவதே இல்லை. சாதாரண டிஜிட்டல் கேமராவிலும் சென்சாருக்கு முன்னால் இருக்கும் வடிகட்டி அந்தச் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அந்த வடிகட்டியைக் கழற்ற வேண்டுமென்றால் கேமராவைப் பிரிக்க வேண்டும். பொருத்தமான ஃபிலிமைப் போட்டால், பழைய கேமரா எந்த மாற்றமும் இல்லாமல் அந்தச் சிவப்பைப் பிடித்துக் கொடுக்கும்.

ஹென்றி டிரேப்பர் 1880 செப்டம்பர் 30 அன்று ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் படம் எடுத்தபோது 51 நிமிடம் பிளேட்டை (ஒளி பதியும் மருந்து பூசிய கண்ணாடித் தகடு) திறந்து வைத்திருந்தார். இன்று நாம் ஃபிலிமில் செய்வதும் கிட்டத்தட்ட அதே வேலைதான்: திறந்து வை, வானத்தோடு கூடவே நகர்த்து, பொறுத்திரு. ஒரு வித்தியாசத்தை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். எடுத்த படம் எப்படி வந்திருக்கிறது என்று அன்றிரவு தெரியாது. ரோலைக் கழுவிய பிறகுதான் தெரியும். அதற்குள் அடுத்த அமாவாசையே வந்துவிடலாம். அதனால் இந்தக் கட்டுரையில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: ஒரு ஃபிலிம், ஒரு லென்ஸ், ஒரு நெபுலா என்று ஆரம்பியுங்கள். அடுத்த ரோலில் ஏதாவது ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

எப்போது, எங்கே, எதை

அமாவாசைக்கு முன்பின் நான்கைந்து நாட்கள். அதைத் தவிர வேறு நாளில் ஃபிலிமை வீணாக்க வேண்டாம். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையை விழுங்கிவிடும். தை முதல் பங்குனி வரைதான் நமக்கு நம்பகமான வானம்.

முதல் ரோலுக்கு ஓரியன் நெபுலாவைத் தவிர வேறு எதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பிரகாசமானது, கண்டுபிடிக்கத் தேட வேண்டாம். திருவாதிரை நட்சத்திரம் இருக்கும் அதே கூட்டத்தில், வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே மங்கலாக ஒரு புகைத்திட்டு தெரியும். அதுதான். ஜனவரி நடுவில் இரவு பத்தேகால் மணி வாக்கில் தெற்கே 72 டிகிரி உயரத்தில் நிற்கும். அத்தனை உயரத்தில் இருப்பதால் அடிவானத்து மாசும் ஊர் வெளிச்சமும் அதைக் கெடுப்பது குறைவு.

இரண்டாவதாக, கரீனா நெபுலா. ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு இது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. நமக்கு வருகிறது. மார்ச் நடுவில் இரவு பதினொன்றரை வாக்கில் தெற்கே பாருங்கள். திரிசங்குக்கு (தென்சிலுவை நட்சத்திரக் கூட்டம்) வலப்பக்கம் இருக்கும். ஜவ்வாது மலையிலிருந்து 18 டிகிரி உயரம், கன்னியாகுமரியிலிருந்து 22 டிகிரி. தாழ்வாகத்தான் இருக்கும், ஆனால் இரண்டு டிகிரி அகலம் கொண்ட பெரிய நெபுலா, 200 மி.மீ. லென்ஸில் ஏழு மி.மீ. விழும். தெற்கே ஊர் எதுவும் இல்லாத இடமாகப் பார்த்துப் போனால் நன்றாக வரும். தனுசில் இருக்கும் லகூன் நெபுலாவை ஏப்ரல் தொடக்கத்தில் விடியற்காலை மூன்று மணிக்கு மேல் எடுக்கலாம். ஜூனில் நள்ளிரவில் உச்சத்துக்கு வரும்போது மேகம் விடாது.

குதிரைத்தலை நெபுலாவை முதல் வருடம் தொடாதீர்கள். எல்லோருக்கும் ஆசை இருக்கும், எனக்கும் இருந்தது. 1888-இல் வில்லியமினா ஃபிளெமிங் அதைக் கண்டுபிடித்ததே ஹார்வர்டு ஆய்வகத்தின் ஒரு பிளேட்டைப் பார்த்துத்தான். அவ்வளவு மங்கலானது. கை பழகட்டும்.

இடத்துக்கு ஒரு சின்னச் சோதனை: இருட்டில் இருபது நிமிடம் நின்ற பிறகு பால்வீதி கண்ணுக்குத் தெரிய வேண்டும். வைணு பாப்பு வானாய்வகத்தை ஜவ்வாது மலையில் காவலூரில் அமைத்ததற்கு அந்த இருட்டு ஒரு முக்கியக் காரணம். காட்டுக்குள் போகாதீர்கள். மலைக்கிராமத்தில் யாருடைய கொல்லையிலாவது சொல்லிக் கேட்டு இடம் வாங்குங்கள். பகலிலேயே போய்ப் பாருங்கள், ஒரு ஆளைத் துணைக்குக் கூட்டிப் போங்கள், பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். பாம்புக்குப் பயந்து வெள்ளை டார்ச் அடித்துக்கொண்டே இருந்தால் கண்ணும் போச்சு, படமும் போச்சு.

கேமராவும் லென்ஸும்

பேட்டரி இல்லாமலே ஷட்டர் வேலை செய்யும் கேமராவாக இருக்க வேண்டும். பல எலக்ட்ரானிக் கேமராக்களில் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுக்க பேட்டரி செலவாகும். இருபது நிமிடப் படங்கள் நாலைந்து எடுத்தால் படுத்துவிடும். பென்டாக்ஸ் கே 1000, நிக்கான் எஃப்எம் 2, ஒலிம்பஸ் ஓஎம்-1 போன்றவை நல்லவை. ஓஎம்-1-இல் உள்ளே இருக்கும் கண்ணாடியை, அதன் அதிர்வு படத்தில் விழாதபடி, முன்கூட்டியே தூக்கி நிறுத்தும் வசதி உண்டு. அதனால் அதற்கு வானம் பார்ப்பவர்களிடம் எப்போதும் தனி மரியாதை. வாங்கும்போது பேட்டரியைக் கழற்றிவிட்டு ‘பி’ அமைப்பில் வைத்து, பின்கதவைத் திறந்து பட்டனை அழுத்திப் பாருங்கள். கையை எடுக்கும் வரை திறந்தே இருந்தால் சரி.

பின்கதவின் விளிம்பில் கறுப்புப் பஞ்சு இருக்கும். பழைய கேமராக்களில் அது தார் மாதிரி பிசுபிசுத்துப் போயிருக்கும். பகலில் நொடிக்கு நூறில் ஒரு பங்கு நேரம் திறக்கும்போது வெளிச்சக் கசிவு தெரியாமல் போகலாம். பெட்ரோமாக்ஸோ வண்டி விளக்கோ அருகில் வந்துபோகும் அரைமணி நேரத்தில் படம் ஓரத்தில் வெளுத்துவிடும். ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்து மாற்றிவிடுங்கள்.

லென்ஸுக்கு 50 மி.மீ. எஃப் 1.8 (எஃப் எண் சிறிதானால் வாய் அகலம், வெளிச்சம் அதிகம்) ஒன்று போதும். அதை முழுதாகத் திறக்காமல் எஃப் 2.8 வரை மூடினால் ஓரத்து நட்சத்திரங்கள் வால் முளைக்காமல் இருக்கும். பழகிய பிறகு 135 மி.மீ. எஃப் 2.8, பழைய கடைகளில் மலிவாகக் கிடைக்கும், எஃப் 4-இல் வைத்து எடுங்கள். ஜூம் வேண்டாம். லென்ஸ் முன்னால் போட்டிருக்கும் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். பிரகாசமான நட்சத்திரங்களுக்கு அது பேய் பிம்பம் உண்டாக்கும். கேமராவில் கை படாமல் ஷட்டரை அழுத்த, பூட்டு வைத்த கேபிள் ரிலீஸ் ஒன்று கட்டாயம்.

ஃபிலிம் தேர்வு

புதிதாக வருகிறவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஃபிலிமின் வேகத்தைச் சொல்லும் ஐஎஸ்ஓ எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று 800 வாங்கிவிடுகிறார்கள். நெபுலாவுக்கு அந்த எண்ணைவிட இரண்டு கேள்விகள் முக்கியம்.

முதல் கேள்வி: 656 நானோமீட்டரை இந்த ஃபிலிம் பார்க்கிறதா? தயாரிப்பாளர் வெளியிடும் தரவுத்தாளில் நிற உணர்திறன் என்று ஒரு வரைபடம் இருக்கும். கீழே நானோமீட்டர் எண்கள். 656-இல் ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். வளைவு அங்கே இன்னும் உயரமாக இருந்தால் வாங்குங்கள். அதற்கு முன்பே தரையில் விழுந்துவிட்டால் விட்டுவிடுங்கள். ஃபியூஜியின் ஆக்ரோஸ் நீண்ட எக்ஸ்போஷருக்குப் பேர்போன அருமையான கறுப்பு வெள்ளை ஃபிலிம். ஆனால் அதன் உணர்திறன் ஹைட்ரஜன் சிவப்புக்கு முன்பே விழுந்துவிடுகிறது. நட்சத்திரக் கூட்டத்துக்குப் போடலாம், கார்த்திகை நட்சத்திரங்களைச் சுற்றியிருக்கும் நீல நெபுலாவுக்குப் போடலாம். ஓரியனின் சிவப்புக்கு உதவாது.

இரண்டாவது கேள்வி: மெதுவாக வரும் வெளிச்சத்தை இது எவ்வளவு தாங்கும்? பகலில் வெளிச்சம் பாதியானால் நேரத்தை இரட்டிப்பாக்கினால் போதும். மங்கலான வெளிச்சத்தில் அந்தக் கணக்கு உடைந்துவிடும். ஃபிலிமில் உள்ள வெள்ளி உப்புத் துகளில் ஒளி பட்டதும் ஒரு வெள்ளி அணு உருவாகிறது. அது தனியாக நிலைக்காது. பக்கத்தில் இன்னும் சில அணுக்கள் சேர்ந்தால்தான் பதிவு நிற்கும். அடுத்த ஒளித்துளி வரத் தாமதமானால் முதலில் வந்தது கலைந்துவிடும். ஓட்டைப் பானையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவது மாதிரி: வேகமாக ஊற்றினால் நிறையும், மெதுவாக ஊற்றினால் ஒழுகிப் போனது போக மிச்சம்தான்.

இல்ஃபோர்ட் நிறுவனம் இதற்கு எளிய சூத்திரம் தருகிறது. கணக்குப்படி வேண்டிய நொடிகளை ஒரு குறிப்பிட்ட அடுக்குக்கு உயர்த்த வேண்டும். எச்பி 5 என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு அந்த அடுக்கு 1.31. கணக்கில் ஒரு நிமிடம் என்றால் நிஜத்தில் 213 நொடி. ஐந்து நிமிடம் என்றால் 29 நிமிடம். எஸ்எஃப்எக்ஸ் 200 ஃபிலிமுக்கு அடுக்கு 1.43, அதே ஐந்து நிமிடம் 58 நிமிடமாகிவிடும். எவ்வளவு சீக்கிரம் கைமீறுகிறது பாருங்கள். நேரத்தைக் கூட்டுவதைவிட எஃப் 2.8 லென்ஸ் கொண்டுவரும் கூடுதல் வெளிச்சம் ஏன் பெரிது என்பதற்கும் இதுதான் காரணம்.

என் சிபாரிசு: வண்ணத்துக்கு ஸ்லைடு ஃபிலிம். 2012-இல் நிறுத்தப்பட்டு 2018-இல் திரும்ப வந்த கோடக் எக்டாகுரோம் ஈ 100 ஹைட்ரஜன் சிவப்பை நன்றாகப் பிடிக்கிறது. ஃபியூஜி புரோவியா 100 எஃப் இன்னொன்று. 128 நொடி வரை அதற்குத் திருத்தமே தேவையில்லை என்கிறது அதன் தரவுத்தாள், அதற்குப் பிறகும் மெதுவாகத்தான் சோர்கிறது. இரண்டும் ஐஎஸ்ஓ 100தான். இருபது நிமிடம் தாண்டும்போது ‘வேகமான’ 400 பலவற்றுக்கு இவை ஈடு கொடுக்கின்றன. விலை அதிகம் என்பது உண்மை. ஸ்லைடு எதற்கு என்றால், கழுவி வந்ததே படம். இடையில் யாரும் நிறத்தைத் திருத்துவதில்லை. உங்கள் தவறு எது, லேபின் வேலை எது என்று குழப்பம் வராது.

வீட்டிலேயே கழுவ ஆசைப்படுகிறவர்கள் எஸ்எஃப்எக்ஸ் 200 போட்டு 25 எண் சிவப்பு வடிகட்டி மாட்டலாம். அந்த ஃபிலிம் 700 நானோமீட்டரைத் தாண்டியும் பார்க்கிறது. சிவப்பு வடிகட்டி ஊர் வெளிச்சத்தின் நீலத்தையும் பச்சையையும் தடுத்துவிடுவதால், ஊர் எல்லையிலிருந்துகூட ஓரளவு எடுக்க முடிகிறது. நேரம்தான் நீளும்.

ஃபிலிமைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கிளம்பும் அன்று காலையிலேயே வெளியே எடுத்து, டப்பாவைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். உடனே திறந்தால் நம் ஊர் ஈரக்காற்று அதன் மேல் வேர்த்துவிடும்.

வானத்தோடு நகர்வது

பூமி நொடிக்கு 15 வில்நொடி (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு ஒரு வில்நொடி) சுற்றுகிறது. 50 மி.மீ. லென்ஸில் ஒரு நட்சத்திரம் ஒரு நிமிடத்தில் ஃபிலிமின் மேல் 0.2 மி.மீ.க்கு மேல் நகர்ந்துவிடும். பத்து நொடி தாண்டினாலே கோடாகும். அதனால் கேமராவை வானத்தின் வேகத்தில் திருப்ப வேண்டும். இதற்குக் கடையில் சின்ன ட்ராக்கர்கள் கிடைக்கின்றன. ஆனால் முதல் ட்ராக்கரை நீங்களே செய்யுங்கள் என்பேன். ஒரு தச்சரின் உதவியோடு ஒரு மதியத்தில் முடிந்துவிடும். ஸ்காட்லாந்துக்காரர் ஹேக் 1970-களில் பரவலாக்கிய இந்த அமைப்பு, கதவு கீலில் திறப்பது போல இரண்டு பலகைகளைத் திறப்பதுதான்.

ஓர் அடி நீளத்தில் இரண்டு பலகைகளை ஓரத்தில் ஆடாத கீல் போட்டு இணையுங்கள். கீல் முள்ளின் மையத்திலிருந்து சரியாக 228.5 மி.மீ. தூரத்தில் கீழ்ப்பலகையில் துளை போட்டு நட் பதியுங்கள். அதில் எம் 6 போல்ட். அதன் மரை இடைவெளி 1 மி.மீ. போல்ட்டின் நுனி மேல்பலகையைத் தள்ள வேண்டும். இந்தத் தூரத்துக்கு, போல்ட்டை நிமிடத்துக்கு ஒரு சுற்று திருப்பினால் மேல்பலகை வானத்தின் வேகத்தில் எழும். மேல்பலகையில் கேமராவை எந்தப் பக்கமும் திருப்பிப் பூட்ட ஒரு பால் ஹெட், கீழ்ப்பலகை முக்காலியில்.

வடக்கே பார்த்து நில்லுங்கள். கீல் இடது பக்கம், போல்ட் வலது பக்கம். கீலின் நீளத்திலேயே ஒரு ஜூஸ் ஸ்ட்ராவை ஒட்டி, அதன் வழியே துருவ நட்சத்திரம் தெரியும்படி முக்காலியைச் சரிசெய்யுங்கள். துருவ நட்சத்திரம் உண்மையான துருவத்திலிருந்து முக்கால் டிகிரிக்குள்தான் விலகியிருக்கிறது, 50 மி.மீ. லென்ஸுக்கும் பத்து நிமிடத்துக்கும் இந்தத் துல்லியம் போதும்.

போல்ட்டின் தலையில் ஒரு வட்டத் தகடை ஒட்டி, நான்கு இடத்தில் வெள்ளைக் கோடு போடுங்கள். நொடிமுள் உள்ள ஒரு பழைய கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்து, சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சின் மங்கல் வெளிச்சத்தில் 15 நொடிக்குக் கால் சுற்று. கீழிருந்து பார்த்தால் கடிகாரம் சுற்றும் திசையில். பத்து நிமிடம் விரல் நுனியில் பூமியின் சுழற்சியை உணர்ந்தபடி உட்கார்ந்திருப்பது எனக்கு இந்தக் கலையிலேயே மிகப் பிடித்த பகுதி. கை வலிக்கிறவர்கள் நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றும் சின்ன மோட்டாரைப் பொருத்திக்கொள்ளலாம்.

135 அல்லது 200 மி.மீ.க்குப் போகும்போது மோட்டார் உள்ள நிலநடு ஏந்தி, அதாவது பூமியின் அச்சுக்கு இணையான அச்சில் கேமராவைச் சுற்றும் தாங்கி, வேண்டும். நம் ஊரில் அதற்கு ஒரு சிக்கல் உண்டு. வடக்கு நாட்டவர் எழுதிய கையேடுகளில் இது அதிகம் இருக்காது. துருவ நட்சத்திரத்தின் உயரம் நம் அட்சரேகைக்குச் சமம். ஜவ்வாது மலையில் பன்னிரண்டரை டிகிரி. தெற்கே போகப் போக இன்னும் தாழும், மரக்கிளைக்குப் பின்னால் போய்விடும். ஏந்தியின் அச்சு கிட்டத்தட்டப் படுத்துக்கொள்வதால், எதிர் எடைக் கம்பி சுற்றும்போது முக்காலியின் வடக்குக் காலில் இடிக்கும். இருட்டில் அந்த ‘டொக்’ சத்தம் கேட்டால் அந்தப் படம் முடிந்தது. முக்காலியைத் திருப்பி, இரண்டு கால்களுக்கு நடுவே உள்ள வெளி வடக்கைப் பார்க்கும்படி வையுங்கள். எடை முன்னால் சாயும். தெற்குக் காலில் ஒரு மணல் பையைக் கட்டுங்கள்.

வடக்கே துருவம் தெரியாத இடமென்றால் நட்சத்திரம் நகர்வதை வைத்தே சரிசெய்யலாம். தொலைநோக்கியின் குறுக்குக் கம்பி உள்ள கண்ணருகு லென்ஸில் (ஐபீஸ்), தெற்கே உச்சத்துக்கு அருகில் இருக்கும் ஒரு நட்சத்திரத்தைப் பாருங்கள். அது தெற்கே நகர்ந்தால் அச்சு கிழக்கே அதிகம் சாய்ந்திருக்கிறது. வடக்கே நகர்ந்தால் மேற்கே. அப்புறம் கிழக்கு அடிவானத்துக்கு மேல் ஒரு நட்சத்திரம்: தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்வு, வடக்கே நகர்ந்தால் உயரம். ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால் போதும்.

குவியம்

லென்ஸின் ஃபோகஸ் வளையத்தில் முடிவிலிக் குறி (∞) இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். எடுத்து வந்த படங்களில் பாதி கெடுவது இதனால்தான். ஒரு மலிவான கறுப்பு வெள்ளை ரோலை இதற்கென்றே செலவு செய்யுங்கள். கேமராவை முக்காலியில் அசையாமல் வைத்து, பிரகாசமான நட்சத்திரங்கள் பக்கம் திருப்புங்கள். குவிய வளையத்தின் மேல் காகித நாடா ஒட்டி, முடிவிலிக் குறியிலும் அதற்கு இந்தப் பக்கம் அரை அரை மில்லிமீட்டர் விட்டும் பேனாவால் கோடுகள் போடுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் இரண்டு நிமிடம் திறந்து வையுங்கள். நட்சத்திரங்கள் கோடுகளாக விழும். கழுவிய பிறகு எந்தச் சட்டத்தில் (ஃபிரேமில்) கோடு மயிரிழையாக இருக்கிறதோ, அதுவே உங்கள் லென்ஸின் உண்மையான முடிவிலி. அந்த இடத்தில் வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிட்டு, பருவம் முழுக்க அந்த லென்ஸைத் தொடாதீர்கள்.

எக்ஸ்போஷர் இரவு

ரோலின் முதல் சட்டத்தில் பகலிலேயே ஏதாவது எடுத்துவிடுங்கள்: வீட்டுச் சுவர், வேப்பமரம், எதுவாக இருந்தாலும் சரி, நல்ல வெளிச்சத்தில். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

களத்தில் வரிசை இது. ட்ராக்கரை ஒழுங்கு செய்து முடித்த பிறகு கேமராவை நெபுலா பக்கம் திருப்புங்கள். திருப்பும்போது முக்காலி அசைந்திருக்கும். துருவத்தை மறுபடி பாருங்கள். ஃபிலிமை மெதுவாகச் சுற்றி, ரீவைண்ட் குமிழை லேசாகப் பின்னோக்கித் திருப்பி இறுக்குங்கள். ஈரத்தில் ஃபிலிம் உப்பிக்கொண்டால் நடுவில் குவியம் போய்விடும். எஃப் எண்ணை ஒரு முறை விரலால் தடவி எண்ணிச் சரிபாருங்கள். ஒரு கறுப்பு அட்டையை லென்ஸைத் தொடாமல் முன்னால் பிடித்து, ஷட்டரைத் திறந்து கேபிளைப் பூட்டுங்கள். ஐந்து நொடி அதிர்வு அடங்கட்டும். ட்ராக்கரை ஓட்டிக்கொண்டே அட்டையை விலக்குங்கள். முடிக்கும்போது முதலில் அட்டை, பிறகு ஷட்டர். நடுவில் பைக் வெளிச்சமோ விமானமோ வந்தால் அட்டையை நீட்டுங்கள், போனதும் எடுங்கள். அந்த நேரத்தை எழுதி வைத்துக் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பலகை ட்ராக்கர், 50 மி.மீ., எஃப் 2.8, ஐஎஸ்ஓ 100 ஸ்லைடு: 3, 6, 10 நிமிடம் என்று ஒவ்வொன்றிலும் இரண்டு படம். மோட்டார் ஏந்தியும் 135 மி.மீ. எஃப் 4-உம் என்றால் 10, 20, 40. ஓரியனின் நடுப்பகுதி குறைந்த நேரத்திலேயே வெந்துவிடும், அதைச் சுற்றியுள்ள மங்கலான இறகுகளுக்கு நீண்ட நேரம் வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டையும் எடுக்க முடியாது. எது பிடித்திருக்கிறது என்பதைப் படங்கள் வந்த பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

பனியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மார்கழி, தையில் இரவு பதினொரு மணிக்கு மேல் லென்ஸின் முன்கண்ணாடியில் பனி படியும். இருட்டில் தெரியாது. ஒரு முறை நான் மூன்று மணிநேரம் எடுத்த படங்கள் அத்தனையும் ஒவ்வொரு நட்சத்திரத்தைச் சுற்றியும் பஞ்சு வைத்தது போல வந்தன. கறுப்பு அட்டையைச் சுருட்டி லென்ஸுக்கு ஒரு சாண் நீளக் குழாய் செய்து மாட்டுங்கள். மின்தடைகளை வரிசையாகச் சேர்த்த துணிப்பட்டையை 12 வோல்ட் பேட்டரியில் இணைத்து லென்ஸின் கழுத்தில் கட்டினால் கவலையே இல்லை. ஒவ்வொரு படத்துக்கு இடையிலும் கண்ணாடியை ஓரத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். துடைக்காதீர்கள், சூடு காட்டுங்கள்.

எழுதி வைப்பது

ஒரு கோடு போட்ட நோட்டு, ஒரு பென்சில். பனியில் பேனா மை கலையும். சட்ட எண், நெபுலா, லென்ஸ், எஃப் எண், தொடங்கிய நேரம், முடித்த நேரம், காற்று, மேகம், ட்ராக்கரில் கை தவறினால் அதுவும். ஷட்டரை மூடிய உடனே எழுதுங்கள். அடுத்த படத்துக்குப் பிறகு எழுதலாம் என்றால் இரவு இரண்டு மணிக்கு எது எது என்று தெரியாது. இந்த நோட்டு இல்லையென்றால் இருபது நிமிடப் படம் நன்றாக வந்ததா, நாற்பது நிமிடப் படம் நன்றாக வந்ததா என்று சொல்ல உங்களிடம் எதுவும் இருக்காது. செலவழித்த ஃபிலிம் அத்தனையும் மறுபடி முதலிலிருந்து.

லேப்

ரோலை லேபில் கொடுக்கும்போது மூன்று விஷயம் சொல்லுங்கள், சொன்னதைச் சீட்டிலும் எழுதித் தாருங்கள். ஒன்று, ஸ்லைடு என்றால் ஈ-6 கழுவல். வண்ண நெகட்டிவுக்கான சி-41-இல் போட்டுவிடக் கூடாது. இரண்டு, ஒரு ஸ்டாப் புஷ், அதாவது ஃபிலிமை இரு மடங்கு வேகமானதாகக் கருதிக் கூடுதல் நேரம் கழுவுவது, வேண்டுமா என்பது. மங்கலான நெபுலாவுக்கு நான் எப்போதும் கேட்பேன், மாறுபாடு கூடும். மூன்றுதான் மிக முக்கியம்: வெட்டாமல் முழு நீளமாகத் தாருங்கள்.

வானப் படத்தில் ஓரம் எது, இடைவெளி எது என்று தெரியாது; எல்லாம் கறுப்பு. வெட்டுகிறவர் குத்துமதிப்பாக வெட்டுவார். என் இரண்டாவது ரோலில் ரோசெட் நெபுலாவின் நடுவிலேயே கத்தரி போயிருந்தது. நாற்பது நிமிடப் படம், இரண்டு துண்டாக. அவர் மேல் தப்பில்லை, நான்தான் சொல்லவில்லை. பகலில் எடுத்த முதல் சட்டம் இதற்குத்தான்: அதன் ஓரம் தெரிந்தால் அங்கிருந்து சட்டங்களை அளந்து நீங்களே வெட்டிக்கொள்ளலாம். ரோல் காலியாக இருக்கிறது என்று நினைத்துக் கழுவியதையே தூக்கிப் போட்டுவிடாமலும் அது காப்பாற்றும்.

கறுப்பு வெள்ளையை வீட்டில் கழுவினால் மருந்தை 20 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். நம் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் 28, 30 டிகிரியில் இருக்கும். அகலமான பேசினில் ஐஸ் போட்டு அதில் மருந்துப் பாட்டில்களை நிறுத்துங்கள். எச்பி 5-ஐ ஐஎஸ்ஓ 800-ஆகப் பாவித்து எடுத்திருந்தால், தண்ணீர் சேர்த்து நீர்க்காத ஐடி-11 என்ற கழுவும் மருந்தில் 20 டிகிரிக்குப் பத்தரை நிமிடம்.

கழுவி வந்த பிறகு

முதலில் ஸ்கேன் பண்ணாதீர்கள். வெள்ளை வெளிச்சத்தின் மேல் ஸ்லைடை வைத்து, உருப்பெருக்கியால் ஒவ்வொரு சட்டமாகப் பாருங்கள், நோட்டைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு. நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே திசையில் நீண்டிருந்தால் ட்ராக்கர் வேகம் அல்லது துருவம் தவறு. நடுவில் புள்ளியாகவும் ஒரு ஓரத்தில் வளைந்தும் இருந்தால் துருவப் பிழையால் படம் சுழன்றிருக்கிறது. எல்லாமே வட்டமாகத் தடித்திருந்தால் குவியம் அல்லது பனி. பனியென்றால் நேரம் போகப் போக மோசமாகியிருக்கும், நோட்டில் உள்ள மணியைப் பார்த்தால் தெரிந்துவிடும். வானம் சாம்பலாகி நெபுலா அதில் மூழ்கியிருந்தால் நேரம் அதிகம், அல்லது அந்த இடம் போதிய இருட்டில்லை.

நல்லதாக இரண்டு சட்டம் கிடைத்தால், தனித்தனியாக ஸ்கேன் செய்து நட்சத்திரங்களைப் பொருத்தி ஒன்றன்மேல் ஒன்றாகச் சராசரி எடுங்கள். ஃபிலிமின் துகள் அடங்கி, தெரியாத இறகுகள் தெரிய வரும். ஸ்கேனரின் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். கறுப்பு வானத்தைப் பார்த்ததும் அது படத்தை வெளுப்பாக்கப் பார்க்கும்.

ஸ்லைடுகளை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். நம் மழைக்காலம் ஒன்று போதும், பூஞ்சை பிடிக்க. வைக்கும் முன் ஸ்லைடின் சட்டத்தில் பென்சிலால் விவரத்தை எழுதிவிடுங்கள். ஆரம்பத்தில் சொன்ன அந்த ரோஜா நிற ஸ்லைடு இப்போதும் என் மேஜையில் இருக்கிறது. அதன் ஓரத்தில் எழுதியிருப்பது: “தை அமாவாசை. 200, எஃப் 4, 20 நிமிடம். கடைசி இரண்டு நிமிடம் மேற்கே மெல்லிய மேகம். அடுத்து 30.”